இன்னொருவரின் ஸ்டெம் செல்: ரத்தப் புற்றுநோய்க்கான மாற்றுச் சிகிச்சை எப்படி வேலை செய்கிறது?

ரத்தப் புற்றுநோய் என்று உறுதியானதும் மருத்துவர் கேட்கும் முதல் சில கேள்விகளில் ஒன்று குடும்பத்தாரைக் கொஞ்சம் திகைக்க வைக்கும். "கூடப் பிறந்தவங்க எத்தனை பேர்? அவங்களுக்கு என்ன வயசு?" நோயாளிக்கு 45 வயதாகியிருக்கும். தங்கை கல்யாணமாகி வேறு ஊரில் இருப்பார். அண்ணனோடு பல வருடமாகப் பேச்சுவார்த்தையே இருக்காது. இதெல்லாம் இப்போது எதற்கு என்று தோன்றும். ஆனால் முதல் கீமோ ஏறுவதற்கு முன்பே, அடுத்த கட்டமாக டோனர் (கொடையாளர்) ஒருவரின் ஸ்டெம் செல் மாற்று தேவைப்படுமா என்று மருத்துவர் யோசிக்கத் தொடங்கிவிட்டார். அதனால்தான் கேட்கிறார்.

கெட்டுப்போன மஜ்ஜையை எடுத்துவிட்டு நல்ல மஜ்ஜையை வைக்கிறார்கள் என்றுதான் பெரும்பாலானோர் இந்தச் சிகிச்சையைப் பற்றி நினைக்கிறார்கள். அதில் பாதிதான் உண்மை. உள்ளே போகும் பையில் ரத்தம் தயாரிக்கும் செல்களோடு, கொடுத்தவருடைய நோய் எதிர்ப்பு மண்டலமும் சேர்ந்தே போகிறது. மிச்சம் மீதி இருக்கும் புற்றுநோயைத் தேடி அழிப்பதில் பெரும்பங்கு அதற்குத்தான். இந்தச் சிகிச்சையின் பெரிய ஆபத்தும் அதிலிருந்துதான் வருகிறது. ஏன் பொருத்தம் பார்க்கிறார்கள், ஏன் மாதக்கணக்கில் மாத்திரை, வீட்டுக்கு வந்த பிறகும் ஏன் இவ்வளவு கெடுபிடி என்பதெல்லாம் இந்த ஒரு விஷயத்திலிருந்தே விளங்கிவிடும்.

மஜ்ஜையில் நடக்கும் வேலை

இடுப்பெலும்பு, மார்பெலும்பு, முதுகெலும்பு போன்றவற்றின் உள்ளே இருக்கும் மென்மையான திசுதான் எலும்பு மஜ்ஜை. வளர்ந்த ஒருவரின் உடலில் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 20 ஆயிரம் கோடி சிவப்பணுக்கள் அங்கே புதிதாகப் பிறக்கின்றன. இவ்வளவு தேவைப்படக் காரணம், ரத்த அணுக்களுக்கு ஆயுள் குறைவு. சிவப்பணு சுமார் 120 நாள் இருக்கும். ரத்தக் கசிவை அடைக்கும் தட்டணுவுக்கு 8 முதல் 10 நாள்தான். பாக்டீரியாவோடு முதலில் மோதும் நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணு ரத்தத்தில் ஒரு நாள் ஓடினாலே அதிகம். அதனால் மஜ்ஜை வேலை நிறுத்தினால் முதலில் கிருமித் தொற்று, அடுத்து ரத்தக் கசிவு, அப்புறம் சோகை என்று வரிசையாக வந்து நிற்கும்.

இத்தனை வகை அணுக்களுக்கும் மூலம் ரத்த ஸ்டெம் செல்கள். விவசாயி விளைந்ததில் ஒரு பங்கை விதைநெல்லாக எடுத்து வைப்பாரே, கிட்டத்தட்ட அப்படித்தான் இவையும் நடந்துகொள்கின்றன. பிரியும்போது ஒரு பங்கு ரத்த அணுக்களாக மாறிச் செலவாகிவிடும், ஒரு பங்கு ஸ்டெம் செல்லாகவே தங்கிவிடும். அதனால்தான் 70, 80 வயது வரைக்கும் ரத்தம் ஊறிக்கொண்டே இருக்கிறது. ஒருவரிடமிருந்து கொஞ்சம் எடுத்து இன்னொருவருக்குக் கொடுத்தால், கொடுத்தவருக்கும் குறைவதில்லை, வாங்கியவருக்கும் ஆயுள் முழுக்கப் போதும்.

கோளாறு இந்த மூலத்திலேயோ அதற்கு அடுத்த படிகளிலேயோ வரும்போதுதான் மாற்றுச் சிகிச்சையைப் பற்றிப் பேச்சு வருகிறது. பெரியவர்களில் அதிகம் தேவைப்படுவது, வேகமாக முற்றும் ரத்தப் புற்றுநோயான அக்யூட் மைலாய்டு லுகேமியா நோயாளிகளுக்கு. அக்யூட் லிம்ஃபோபிளாஸ்டிக் லுகேமியா, எம்.டி.எஸ். எனப்படும் மஜ்ஜைக் கோளாறு, மஜ்ஜை நார்போல் இறுகிவிடும் மைலோஃபைப்ரோசிஸ், மற்ற சிகிச்சைக்கு மசியாத சில லிம்ஃபோமாக்கள் (நிணநீர் மண்டலப் புற்றுநோய்கள்) ஆகியவையும் பட்டியலில் உண்டு. புற்றுநோயே அல்லாத அப்லாஸ்டிக் அனீமியா, பரம்பரை ரத்தக் கோளாறுகளான தலசீமியா, சிக்கிள் செல் நோய் ஆகியவற்றுக்கும் செய்கிறார்கள். அப்லாஸ்டிக் அனீமியா என்பது மஜ்ஜை வறண்டுபோய் எந்த அணுவும் உருவாகாத நிலை. ஒரு காலத்தில் க்ரானிக் மைலாய்டு லுகேமியாவுக்கும் இதுதான் வழி. 2001இல் இமாட்டினிப் மாத்திரை வந்த பிறகு அந்த நோயாளிகளில் மிகப் பெரும்பாலானோர் மாத்திரையிலேயே நலமாக இருக்கிறார்கள்.

மல்டிபிள் மைலோமா என்ற மஜ்ஜைப் புற்றுநோய்க்குப் பெரும்பாலும் நோயாளியின் சொந்த ஸ்டெம் செல்லையே எடுத்து வைத்துத் திருப்பிக் கொடுப்பார்கள். அதையும் 'ட்ரான்ஸ்பிளான்ட்' என்றே சொல்வதால் குழப்பம் வருகிறது. அங்கே வேலை செய்வது அதிக அளவு கீமோ. சொந்த செல்கள் அந்த கீமோவிலிருந்து மஜ்ஜையை மீட்டெடுக்க மட்டுமே. இன்னொருவரின் செல்லை வாங்குவது முற்றிலும் வேறு சிகிச்சை. சொந்த செல்லை வாங்கிய பக்கத்து வீட்டுக்காரர் மூன்று வாரத்தில் வீட்டுக்கு வந்துவிட்டாரே என்று ஒப்பிட்டுப் பார்த்து மனம் நோக வேண்டாம்.

இரட்டையரிடம் கற்ற பாடம்

அமெரிக்காவில் டொனால் தாமஸ் என்ற மருத்துவர் 1950களில் இந்த முயற்சியைத் தொடங்கினார். 1957இல் அவர் வெளியிட்ட முதல் அறிக்கையில் 6 நோயாளிகள். ஒருவரும் 100 நாளைத் தாண்டவில்லை. திசுப் பொருத்தம் என்று ஒன்று இருப்பதே அப்போது சரியாகத் தெரியாது. பொருத்தம் ஒரு பிரச்சினையாக வராத ஒரே இடம் ஒரே கருவில் பிறந்த இரட்டையர். அவர்களிடமிருந்து எடுத்துக் கொடுத்தபோது மஜ்ஜை பிடித்தது. ஆனால் லுகேமியா சில மாதங்களுக்குள் திரும்பி வந்துவிட்டது.

பிற்காலத்தில் பொருத்தமான அண்ணன் தம்பிகளிடமிருந்து கொடுக்கப்பட்டபோது ஒரு விசித்திரம் தெரிந்தது. இரட்டையரிடமிருந்து வாங்கியவர்களைவிட, சாதாரண உடன்பிறப்பிடம் வாங்கியவர்களுக்கு நோய் திரும்புவது குறைவு. 1979இல் தாமஸின் சியாட்டில் குழு இன்னொன்றையும் காட்டியது. புதிய செல்கள் நோயாளியின் தோலையும் குடலையும் தாக்கித் தொல்லை கொடுத்தவர்களிடம் லுகேமியா திரும்புவது குறைவாக இருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் விஷயம் புரியும். கொடையாளரின் வெள்ளை அணுக்கள் நோயாளியின் உடலை 'இது என் வீடு இல்லையே' என்று கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்கின்றன. அந்தச் சந்தேகம்தான் ஒளிந்திருக்கும் புற்றுச் செல்களையும் கண்டுபிடிக்கிறது. நூற்றுக்கு நூறு ஒத்துப்போகும் இரட்டையரின் செல்களுக்கு அந்தச் சந்தேகமே வருவதில்லை.

1990இல் ஜெர்மனியின் ம்யூனிக் நகரிலிருந்து வந்த அறிக்கை இதை ஐயத்துக்கு இடமில்லாமல் ஆக்கியது. மாற்றுச் சிகிச்சைக்குப் பிறகும் க்ரானிக் மைலாய்டு லுகேமியா திரும்பிய நோயாளிகளுக்கு, ஹான்ஸ் கோல்ப் குழுவினர் கொடையாளரின் லிம்ஃபோசைட்டுகள் என்ற வெள்ளை அணுக்களை மறுபடி எடுத்துச் செலுத்தினார்கள். நோய் பின்வாங்கியது. இன்றும் நோய் திரும்பும் அறிகுறி தெரிந்தால் இதைச் செய்து பார்க்கிறார்கள். ஸ்டெம் செல் கொடுத்த தம்பியை ஒரு வருடம் கழித்து மறுபடி கூப்பிடுவதற்குக் காரணம் பல சமயம் இதுதான்.

தாமஸுக்கு 1990இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்தியாவில் முதல் மஜ்ஜை மாற்று 1983இல் மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் நடந்தது. வேலூர் சி.எம்.சி. 1986இல் தொடங்கியது.

பொருத்தம் என்றால் என்ன?

ரத்த குரூப் ஒத்துப்போக வேண்டும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அது அவசியமே இல்லை. ஓ பாசிட்டிவ் நோயாளிக்கு பி பாசிட்டிவ் கொடையாளர் இருக்கலாம். சில மாதங்களில் நோயாளியின் ரத்த குரூப்பே பி ஆகிவிடும். பார்க்கப்படுவது எச்.எல்.ஏ. என்னும் புரதங்கள். நம் செல்களின் மேற்பரப்பில் நின்று 'நான் இந்த உடம்பைச் சேர்ந்தவன்' என்று காட்டுபவை. இவற்றில் முதலாவதை 1958இல் விவரித்த பிரெஞ்சு மருத்துவர் ழான் தோசேவுக்கு 1980இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்தப் புரதங்களுக்கான மரபணுக்கள் 6ஆவது குரோமோசோமில் நெருக்கமாக அமைந்திருக்கின்றன. அதனால் அப்பாவிடமிருந்து ஒரு தொகுப்பு, அம்மாவிடமிருந்து ஒரு தொகுப்பு என்று மொத்தமாகவே பிள்ளைக்கு வருகின்றன. வழக்கமாக ஐந்து இடங்களைப் பார்ப்பார்கள். இடத்துக்கு இரண்டு வீதம் பத்து. எல்லாம் ஒத்தால் பத்துக்குப் பத்து.

ஒரே தாய் தந்தைக்குப் பிறந்த இருவர் முழுதாகப் பொருந்த 25 சதவீத வாய்ப்பு. இதை வைத்து 'நாலு பேர் இருக்கோம், ஒருத்தருக்காவது கண்டிப்பாகப் பொருந்தும்' என்று கணக்குப் போடுகிறார்கள். உண்மையில் நான்கு உடன்பிறந்தவர்கள் இருந்தாலும் யாராவது ஒருவர் பொருந்தும் வாய்ப்பு 68 சதவீதம்தான். இரண்டு பேர் என்றால் 44. எல்லோருக்கும் 'பொருந்தவில்லை' என்று முடிவு வருவது சாதாரணமாக நடப்பதுதான். அதில் யாருடைய தவறும் இல்லை. பாசத்துக்கும் இதற்கும் சம்பந்தமும் இல்லை. பெற்றோரும் பிள்ளைகளும் வழக்கமாகப் பாதிதான் பொருந்துவார்கள். ஆனால் மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்தில் கல்யாணம் செய்த குடும்பங்களில் ஒரே தொகுப்பு இரு பக்கமிருந்தும் வரக்கூடும். அங்கே பெற்றோரோ, பெற்ற பிள்ளையோ, சித்தப்பா மகனோ முழுப் பொருத்தமாக அமைந்துவிடுவது உண்டு. மருத்துவர் 'சொந்தத்தில் கல்யாணமா?' என்று கேட்டால் கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள்.

குடும்பத்தில் இல்லையென்றால் பதிவேடுகளில் தேடுவார்கள். லண்டனில் ஷர்லி நோலன் என்ற தாய் தன் மகன் ஆன்டனிக்காக 1974இல் தொடங்கியதுதான் உலகின் முதல் பதிவேடு. இன்று உலகெங்கும் 4 கோடிக்கும் மேற்பட்டவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஆனால் எச்.எல்.ஏ. வகைகள் வம்சாவளியைப் பொறுத்தவை. பதிவு செய்தவர்களில் ஐரோப்பிய வம்சாவளியினர் அதிகம், நம்மவர்கள் குறைவு. தமிழருக்குப் பொருத்தம் இன்னொரு தமிழரிடமோ, அக்கம்பக்கத்து மாநிலத்தவரிடமோ கிடைக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

பாதிப் பொருத்தம் போதும் என்ற நிலை எப்படி வந்தது?

ஒரு காலத்தில் பாதிப் பொருத்தத்தை நினைத்தே பார்க்க முடியாது. கொடையாளரின் டி செல்கள் (லிம்ஃபோசைட்டுகளில் ஒரு வகை) நோயாளியின் உடலைச் சூறையாடிவிடும். இதை மாற்றியது அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் செம்மைப்படுத்திய ஒரு முறை. எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த யோசனை இது.

ஸ்டெம் செல் பையை ஏற்றிய பிறகு மூன்றாம் நாளும் நான்காம் நாளும் சைக்ளோபாஸ்ஃபமைடு என்ற பழைய கீமோ மருந்தைக் கொடுக்கிறார்கள். புதிய செல்லை ஏற்றிவிட்டு உடனே கீமோவா, அதுவும் செத்துவிடாதா என்று யாருக்கும் தோன்றும். நடப்பது வேறு. அந்த இரண்டு மூன்று நாளில், நோயாளியின் உடலை எதிரியாகப் பார்த்த டி செல்கள் ஆவேசமாகப் பெருகத் தொடங்கியிருக்கும். வேகமாகப் பெருகும் செல்லைத்தான் இந்த மருந்து கொல்லும். சண்டைக்கு வராத டி செல்கள் அமைதியாக இருப்பதால் பெருமளவு தப்பிக்கின்றன. ஸ்டெம் செல்களிடம் இந்த மருந்தை முறிக்கும் நொதி நிறைய இருப்பதால் அவையும் தப்பிக்கின்றன. சைக்ளோபாஸ்ஃபமைடு விலை மலிவான மருந்து. நம் நாட்டிலும் பரவலாகக் கிடைக்கிறது.

பெரியவர்களுக்கு இதனால் கிடைத்த பலன் பெரிது. 55 வயதுக்காரருக்கு அண்ணன் தம்பி எல்லோரும் அதே வயதை ஒட்டியவர்கள், அவர்களுக்கே சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இருக்கும். இப்போது 25 வயது மகனோ மகளோ கொடுக்கலாம். கொடையாளர் இளையவராக இருப்பது நல்லது என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த விஷயம். பலமுறை கருவுற்ற பெண்களின் நோய் எதிர்ப்பு மண்டலம் கருவில் இருந்த பிள்ளையின் வேற்றுப் புரதங்களை ஏற்கெனவே சந்தித்திருக்கும். அதனால் அது கொஞ்சம் கூர்மையாக இருக்கும். தேர்வு இருந்தால் மருத்துவர்கள் அதையும் கணக்கில் எடுப்பார்கள். அம்மாவைத் தவிர்த்துத் தம்பியைத் தேர்ந்தெடுத்தால் அம்மா மனம் வாட வேண்டியதில்லை.

இங்கேயே ஓர் எச்சரிக்கை. நோய் தெரிந்த வேகத்தில் ரத்தம் தேவை என்றதும் அண்ணன், தங்கை, பிள்ளைகள் எல்லோரும் ரத்த வங்கிக்கு ஓடுவார்கள். மாற்றுச் சிகிச்சைக்கு வாய்ப்பிருக்கும் நோயாளிக்கு ரத்த உறவினரின் ரத்தத்தை ஏற்றாமல் இருப்பதே நல்லது. நோயாளியின் உடல் அந்தப் புரதங்களுக்கு எதிராக முன்கூட்டியே தயாராகிவிட்டால், பின்னால் அதே உறவினரின் ஸ்டெம் செல்லை நிராகரிக்கக்கூடும். அப்லாஸ்டிக் அனீமியாவில் இது மிக முக்கியம். உறவினர்கள் கொடுக்கட்டும், ஆனால் அது வேறு நோயாளிக்குப் போகட்டும். இவருக்கு வெளியார் ரத்தம்.

கொடுப்பவருக்கு என்ன நடக்கும்?

முதுகுத் தண்டில் ஊசி போடுவார்கள், கால் விளங்காமல் போய்விடும் என்ற பயம் ஊரெல்லாம் இருக்கிறது. மஜ்ஜைக்கும் தண்டுவடத்துக்கும் தொடர்பே இல்லை. இப்போது பெரும்பாலும் கையிலிருந்துதான் எடுக்கிறார்கள். ஜி.சி.எஸ்.எஃப். என்ற ஊசியை நான்கைந்து நாள் தோலுக்கடியில் போடுவார்கள். மஜ்ஜையிலிருக்கும் ஸ்டெம் செல்கள் ரத்தத்துக்கு இறங்கி வரும். அந்த நாட்களில் இடுப்பிலும் முதுகிலும் எலும்பு வலி இருக்கும், காய்ச்சல் வரும்போது உடம்பு உளைவது மாதிரி. பாராசிட்டமால் போதும். ஐந்தாம் நாள் ஒரு கையில் ரத்தம் வெளியேறி, இயந்திரத்தில் சுழன்று ஸ்டெம் செல்கள் பிரிந்து, மீதி மறு கை வழியாகத் திரும்பிவிடும். நான்கு முதல் ஆறு மணி நேரம். உதடு, விரல் நுனி எல்லாம் மரத்தாற்போல் இருந்தால் நர்ஸிடம் சொல்ல வேண்டும். ரத்தம் உறையாமலிருக்கச் சேர்க்கும் மருந்து கால்சியத்தைக் குறைப்பதால் அப்படி ஆகும், கால்சியம் கொடுத்தால் சரியாகிவிடும்.

இன்னொரு முறையில், மயக்கம் கொடுத்து இடுப்பெலும்பின் பின்பக்கத்திலிருந்து ஊசியால் மஜ்ஜையையே உறிஞ்சி எடுப்பார்கள். சில நாள் இடுப்பில் வலி இருக்கும், சில வாரங்களில் மஜ்ஜை பழையபடி நிரம்பிவிடும்.

மைனஸ் நாட்களும் ஜீரோ நாளும்

வார்டில் நாட்களை எண்ணுவதே வேறு மாதிரி. செல் ஏற்றும் நாள் 'டே ஜீரோ'. அதற்கு முந்தைய வாரம் மைனஸ் 7, மைனஸ் 6 என்று இறங்கும். அந்த நாட்களில் கொடுப்பது கண்டிஷனிங் எனப்படும் கடுமையான கீமோ, சிலருக்கு உடல் முழுவதற்கும் ரேடியேஷன். மிச்சமிருக்கும் புற்றுச் செல்களைக் குறைப்பதும், நோயாளியின் சொந்த எதிர்ப்புச் சக்தியை அடக்கிப் புதிய செல்லை விரட்டாமல் செய்வதும் இதன் நோக்கம்.

முன்பெல்லாம் 50 வயதைத் தாண்டியவர்களுக்கு இந்தச் சிகிச்சை அரிது. கண்டிஷனிங்கை உடல் தாங்காது. கொடையாளரின் எதிர்ப்புச் செல்களே பெரும்பகுதி வேலையைச் செய்யும் என்று தெரிந்த பிறகு, 1990களின் இறுதியில் மருந்தின் அளவைக் குறைத்துப் பார்த்தார்கள். புதிய செல்கள் பிடிக்கும் அளவுக்கு அடக்கினால் போதும், மீதியை அவை பார்த்துக்கொள்ளும். இன்று 60களில், உடல்நிலை நன்றாக இருந்தால் 70களிலும் செய்கிறார்கள். கடுமையான முறையில் நோய் திரும்புவது குறைவு. மென்மையான முறையில் சிகிச்சையாலேயே ஏற்படும் ஆபத்து குறைவு. எது யாருக்கு என்பது இதயம், நுரையீரல், ஈரல், சிறுநீரகப் பரிசோதனைகளைப் பார்த்து முடிவாகும். குழந்தை பெறும் வயதில் இருப்பவர்கள் விந்தணு, கருமுட்டை சேமிப்பது பற்றி இதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும். டாக்டர் மறந்தாலும் நீங்கள் கேளுங்கள்.

டே ஜீரோ அன்று ஆபரேஷன் தியேட்டர் கிடையாது. வடிகட்டிய காற்று வரும் தனி அறை. கழுத்திலோ மார்பிலோ ஏற்கெனவே பொருத்திய குழாய் வழியாக, அடர்சிவப்பாகக் கொஞ்சம் கெட்டியாகத் தெரியும் திரவம் சாதாரண ரத்தப் பையைப் போன்ற ஒரு சின்னப் பையிலிருந்து இறங்கும். நர்ஸ் பக்கத்திலேயே நின்று ரத்த அழுத்தம் பார்ப்பார். பை காலியானதும் சலைன் விட்டுக் கழுவி, ஒட்டியிருக்கும் மிச்சத்தையும் இறக்குவார். முடிந்தது. 'இவ்வளவுதானா?' என்று குடும்பத்தார் கேட்பார்கள். மஜ்ஜைக்குப் போகும் வழியைச் செல்களே கண்டுபிடித்துக்கொள்ளும், மஜ்ஜை சுரக்கும் ஒரு வேதிப்பொருள் அவற்றை இழுக்கிறது.

அடுத்த இரண்டு மூன்று வாரம்தான் கடினம். பழைய மஜ்ஜை நின்றுவிட்டது, புதியது இன்னும் தொடங்கவில்லை. வெள்ளை அணு எண்ணிக்கை பூஜ்யத்தை ஒட்டி இருக்கும். வாயிலும் தொண்டையிலும் புண், எச்சில் விழுங்கவே வலி, மோர்கூட இறங்காது. காய்ச்சல் வந்தால் நடுராத்திரியானாலும் உடனே ஆன்டிபயாட்டிக். இரண்டு மூன்று நாளுக்கொரு முறை தட்டணு ஏற்றுவார்கள், அந்தத் தட்டணுப் பைக்கும் கதிர்வீச்சு கொடுத்த பிறகுதான் ஏற்றுவார்கள். வெளியில் உட்கார்ந்திருக்கும் குடும்பத்துக்குக் காலையில் ஒரே கேள்விதான்: "இன்னைக்கு கவுன்ட் எவ்வளவு?" நியூட்ரோஃபில் 500ஐத் தாண்டி மூன்று நாள் தொடர்ந்து நின்றால் செல் பிடித்துவிட்டது என்று அர்த்தம். தட்டணு ஏற அதைவிடக் கொஞ்சம் தாமதமாகும். பப்பாளி இலைச் சாறு கொடுத்தால் ஏறாதா என்று கேட்பவர்கள் உண்டு. இங்கே தட்டணு குறைவது உற்பத்தியே இல்லாததால். பச்சைச் சாறில் வரும் கிருமி அந்த நேரத்தில் உயிருக்கே ஆபத்து. எதையும் கொண்டுபோகாதீர்கள்.

புது எதிர்ப்புச் சக்தியின் மறுபக்கம்

கவுன்ட் ஏறியதும் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது. கொடையாளரின் செல்கள் நோயாளியின் உறுப்புகளைத் தாக்குவதைத்தான் ஜி.வி.எச்.டி. என்கிறார்கள். முதல் சில மாதங்களில் வரும் வகை தோல், குடல், ஈரல் மூன்றையும் குறிவைக்கும். உள்ளங்கையிலும் பாதத்திலும் காதோரத்திலும் சிவந்து அரிப்பது, நீராகப் பேதி போவது, கண் மஞ்சளாவது. நாள்பட்ட வகை மெதுவாக வரும்: கண் உலர்ந்து மணல் விழுந்தாற்போல் உறுத்தும், வாய் வறண்டு காரம் துளியும் தாங்காது, தோல் இறுகும், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். 'வெயில் ஒத்துக்கொள்ளவில்லை', 'வெளிச் சாப்பாடு சேரவில்லை' என்று வீட்டிலேயே முடிவு கட்டாமல் அன்றைக்கே போன் செய்ய வேண்டும். சீக்கிரம் பிடித்தால் ஸ்டீராய்டில் பெரும்பாலும் அடங்கும். அடங்காதவர்களுக்கு ரக்சோலிடினிப் போன்ற மருந்துகள் இப்போது வந்திருக்கின்றன.

இதைத் தடுக்கத்தான் டாக்ரோலிமஸ் அல்லது சைக்ளோஸ்போரின் மாத்திரை. கொடையாளரின் செல்களை ஒரேயடியாக அமுக்கிவிட்டால் புற்றுநோய் தலைதூக்கும், கட்டுப்பாடில்லாமல் விட்டால் உடல் தாங்காது. அதனால் ரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்த்துப் பார்த்து மாத்திரையைக் கூட்டுவார்கள், குறைப்பார்கள். அளவு பார்க்கும் நாளில் காலை மாத்திரையைப் போடாமல் கையில் எடுத்துக்கொண்டு போக வேண்டும். ரத்தம் கொடுத்த பிறகுதான் போட வேண்டும். போட்டுவிட்டுப் போனால் அளவு பொய்யாக உயர்ந்து தெரியும், டோஸைத் தவறாகக் குறைத்துவிடுவார்கள். கிரேப்ஃப்ரூட், பம்ப்ளிமாஸ் பழங்கள் இந்த மருந்தின் அளவை ஏற்றிவிடும். கஷாயம், லேகியம் எதுவானாலும் கேட்காமல் வேண்டாம்.

அப்லாஸ்டிக் அனீமியா, தலசீமியா நோயாளிகளின் கணக்கு இங்கேதான் மாறுகிறது. அவர்கள் உடலில் அழிக்க வேண்டிய புற்றுச் செல்லே இல்லை. ஆகவே ஜி.வி.எச்.டி.யால் அவர்களுக்கு எந்த லாபமும் கிடையாது, முழுக்க நஷ்டம். அதைக் குறைக்க என்னென்ன உண்டோ அனைத்தையும் செய்வார்கள். கை வழியாக எடுப்பதைவிட மஜ்ஜையிலிருந்தே எடுத்தால் டி செல்கள் குறைவாக வரும் என்பதால், அப்லாஸ்டிக் அனீமியாவுக்கு இடுப்பெலும்பிலிருந்து எடுப்பதையே பல மருத்துவர்கள் விரும்புகிறார்கள். ஒரே நாளில் இரண்டு கொடையாளர்களுக்கு இரண்டு விதமாகச் சொல்லப்பட்டால் குழம்ப வேண்டாம்.

நூறு நாளும் அதற்கு அப்பாலும்

டிஸ்சார்ஜ் ஆனாலும் ஏறத்தாழ 100 நாள் வரை மருத்துவமனைக்கு அருகிலேயே தங்கச் சொல்வார்கள். வேலூரில் சி.எம்.சி.யைச் சுற்றியுள்ள தெருக்களில் வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வந்த குடும்பங்கள் சின்ன அறை எடுத்துச் சமைத்துச் சாப்பிட்டபடி மாதக்கணக்கில் தங்கியிருப்பதைப் பார்க்கலாம். கூட ஒருவர் முழுநேரமாக இருந்தே ஆக வேண்டும். சமைப்பது, காய்ச்சல் பார்ப்பது, மாத்திரை எடுத்துக் கொடுப்பது எல்லாம் அவர் பொறுப்பு. சிகிச்சைக்குத் திட்டமிடும்போதே அது யார், அவருடைய வேலையும் சம்பளமும் என்ன ஆகும் என்று குடும்பம் உட்கார்ந்து பேச வேண்டும். பெரும்பாலும் மனைவியோ அம்மாவோ பேசாமல் சுமந்துவிடுகிறார்கள், அவர்கள் தூங்குகிறார்களா சாப்பிடுகிறார்களா என்று கேட்க ஆளில்லை.

புதிய எதிர்ப்பு மண்டலம் பிறந்த குழந்தையின் நிலையில் இருப்பதால், சின்ன வயதில் போட்ட தடுப்பூசிகளையெல்லாம் ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் மறுபடி முதலிலிருந்து போடுவார்கள். தட்டம்மை போன்ற உயிருள்ள தடுப்பூசிகள் இன்னும் தாமதமாக வரும். ரத்தத்தில் கொடையாளரின் செல் எத்தனை சதவீதம், பழைய செல் எத்தனை என்று அவ்வப்போது சோதிப்பார்கள். அக்காவிடம் வாங்கிய தம்பியின் ரத்தத்தில் பெண்ணின் குரோமோசோம்கள் தெரியும், தலைமுடி வேரில் அவருடைய சொந்த மரபணுவே இருக்கும். 100 சதவீதமாக இருந்த கொடையாளர் பங்கு குறையத் தொடங்கினால், நோய் திரும்புகிறதோ என்று பார்ப்பார்கள். லுகேமியா திரும்புவதானால் பெரும்பாலும் முதல் இரண்டு வருடத்துக்குள் திரும்பும்.

ஆபத்தை மறைத்துச் சொல்வது நியாயமில்லை. நோய் திரும்பாமலேயே, தொற்றாலும் ஜி.வி.எச்.டி.யாலும் முதல் வருடத்தில் பத்தில் ஒருவர், சிலவகை நோயாளிகளில் பத்தில் இருவர் வரை இறந்துபோகிறார்கள். அதனால்தான் கீமோவிலேயே குணமாக நல்ல வாய்ப்புள்ள லுகேமியாவுக்கு இதை முதலில் செய்வதில்லை. கீமோ மட்டும் போதாது என்று மரபணுப் பரிசோதனை சொல்லும் நோயாளிக்கோ, தள்ளிப்போடுவதுதான் ஆபத்து. 'எங்கள் நோய்க்கு மாற்று செய்தால் என்ன வாய்ப்பு, செய்யாவிட்டால் என்ன வாய்ப்பு' என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. செலவு பல லட்சம் ஆகும். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் மஜ்ஜை மாற்றும் இடம்பெற்றிருக்கிறது. மருத்துவமனையின் சமூகப் பணியாளரை முதல் வாரமே பார்த்துவிடுவது நல்லது.

பதிவு செய்ய நினைப்பவர்களுக்கு

சென்னையில் 2009இல் தொடங்கிய தாத்ரி போன்ற பதிவேடுகளில் 18 முதல் 50 வயதுக்குட்பட்ட ஆரோக்கியமானவர்கள் சேரலாம். கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தேய்த்து எடுத்தால் போதும். அழைப்பு அடுத்த மாதமே வரலாம், பத்து வருடம் கழித்தும் வரலாம், வராமலேயும் போகலாம்.

அழைப்பு வந்த பிறகு வீட்டில் எதிர்ப்பு கிளம்பிப் பின்வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். பொருத்தம் பார்க்கும் கட்டத்திலேயே 'முடியாது' என்றால் நோயாளிக்கு வேறு வழி தேட நேரம் இருக்கும். அவருக்குக் கண்டிஷனிங் தொடங்கிய பிறகு சொன்னால், பழைய மஜ்ஜை அழிந்து புதியதும் வராமல் அவர் இறந்துபோக நேரிடும். எனவே பதிவு செய்வதற்கு முன்பே அம்மா, அப்பா, கணவன், மனைவி எல்லோரிடமும் பேசி, ஊசி எத்தனை நாள், எத்தனை மணி நேரம், என்ன வலி என்பதைச் சொல்லிவிடுங்கள். வீடோ கைபேசி எண்ணோ மாறினால் பதிவேட்டுக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள்.